குருந்தத்தின் மென்படலம்

என் மடிக்கணினியின் அலுமினிய மேனி கருஞ்சாம்பல் நிறத்தது. விசைப்பலகைக்குக் கீழே, இடக்கை மணிக்கட்டு வந்து அமரும் விளிம்பில், சில வெண்கோடுகள் விழுந்திருக்கின்றன. வலப்பக்க விளிம்போ வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கிறது. இடக்கையில் நான் அணிவது எஃகுப் பட்டை கோத்த கைக்கடிகாரம். எஃகு வலியது, அலுமினியம் மெலியது, ஆகவே எஃகு கீறிற்று என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். ஒருநாள் உருப்பெருக்கிக் கண்ணாடியை அக்கோடுகளின்மேல் வைத்துப் பார்த்தபின் அந்த எண்ணம் தளர்ந்தது. சில கோடுகள் ஈரத்துணியால் துடைக்கவே மறைந்தன. வேறு சில, நகம் தட்டும் அளவுக்கு ஆழ்ந்திருந்தன. ஒரே கை, ஒரே பட்டை. விளைவு மட்டும் ஏன் இருவகை?

நம் கை அங்கே தொடுவது அலுமினிய ஆக்சைடு என்னும் மெல்லிய தோல். அலுமினியம் காற்றுப்பட்ட உடனே தன்மேல் இத்தோலைப் போர்த்துக்கொள்ளும். அதன் தடிமன் சில நானோமீட்டர் மட்டுமே. அதை வேண்டுமென்றே தடிக்கச்செய்யும் வழியை 1923-ஆம் ஆண்டு பெங்கோ, ஸ்டூவர்ட் என்னும் இருவர் இங்கிலாந்தில் கண்டனர். கடலில் இறங்கும் வானூர்திகளின் உறுப்புகளை உப்புநீர் அரித்துத் தின்னாமல் காப்பதே அன்றைய தேவை. அலுமினியத் தகட்டை அமிலத்தில் அமிழ்த்தி, நேர்மின்வாயாக்கி மின்னோட்டம் செலுத்தினால், உலோகத்தின் மேற்புறமே படிப்படியாக ஆக்சைடாக மாறும். மேலே பூசப்படும் சாயம் போன்றதன்று இது. உலோகத்திலிருந்தே விளைந்த படலம். தொழிற்கூடங்களில் இதற்கு அனோடைசிங் என்று பெயர். விளையும் படலம் தேனடைபோல நுண்துளை நிறைந்தது. அத்துளைகளுக்குள் நிறமியை ஊறவைத்து, பின் கொதிநீரில் இட்டால் துளைவாய்கள் மூடிக்கொள்ளும். என் கணினியின் கருஞ்சாம்பல் நிறம் அப்படி உள்ளே அடைபட்ட நிறமே.

இதே சேர்மம் மண்ணுக்கடியில் படிகமாக விளைந்தால் அது குருந்தம். சிவந்த குருந்தம் மாணிக்கம். நீலக் குருந்தம் நீலமணி. உலகக் கனிமவியலார் கொரண்டம் என வழங்குவது நம் குருந்தம் என்னும் சொல்லிலிருந்து சென்றதே. 1812-இல் ஜெர்மானியக் கனிமவியலார் ஃபிரெடரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரம் 10-ஆம் இடத்தில் நிற்க, குருந்தம் 9-ஆம் இடத்தில் நிற்கிறது. தூய அலுமினியத்துக்கோ 3-ஐ எட்டும் வலுவும் இல்லை. கணினியின் படலம் படிக ஒழுங்கற்றது என்பதால் குருந்தத்தின் முழு வலிமை அதற்கு வாய்க்கவில்லை. ஆயினும் கடிகாரப் பட்டைக்கு வழக்கமாகப் பயன்படும் துருவேறா எஃகைவிட அது கடினமானதே.

எனவே எஃகு அதன்மேல் உரசும்போது தேய்வது எஃகுதான். பீங்கான் தட்டில் எவர்சில்வர் கரண்டி இழுத்துவிடும் சாம்பற்கோட்டை எல்லாரும் கண்டிருப்போம். அது தட்டின் காயம் அன்று. கரண்டி உதிர்த்த துகள். ஈரத்துணியில் மறைந்த கோடுகள் அவ்வகையின.

நகம் தட்டிய கோடுகளின் கதை வேறு. பட்டையின் கண்ணிகளுக்கு இடையே வியர்வையும் தோலின் உதிரும் பொடியும் தெருப்புழுதியும் சேர்ந்து களிம்பாகி நிற்கும். புழுதியில் பெரும்பங்கு மணல். மணலில் பெரும்பங்கு குவார்ட்சு. மோஸ் வரிசையில் அதன் இடம் 7. எஃகையும் அது கீறும், படலத்தையும் கீறும். இனி எடையைக் கணக்கிடுவோம். தட்டச்சு செய்கையில் முன்கையின் எடை ஒரு கிலோ அளவுக்குப் பட்டையின்மேல் இறங்குவதாகக் கொள்வோம். அந்த எடை ஒரு மணல்துகளின் கூர்முனையில், நூறில் ஒரு சதுர மில்லிமீட்டரில், குவிந்தால் அங்கே எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு.

அந்த அழுத்தத்தைத் தாங்கப் படலத்தின் தடிமன் எவ்வளவு? பத்து மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தலைமுடியின் குறுக்களவில் ஏழில் ஒரு பங்கு. கீழே இருப்பதோ மென்மையான அலுமினியம். கோடையில் வற்றிய ஏரியின்மேல் காய்ந்த பொருக்கு நிற்கும். கல்போல் இறுகியது என நம்பிக் கால்வைத்தால், அடியிலுள்ள சேறு நெகிழ்ந்து பொருக்கு விரிசல் விடும். பொருக்கு வலுவற்றது என்பதல்ல, அதைத் தாங்கும் அடித்தளம் வலுவற்றது. கணினியின் படலமும் அவ்வாறே உடைகிறது. நிறம் அடைபட்டிருந்த துளைகள் பெயர்ந்துபோக, உள்ளிருக்கும் வெண்ணிற உலோகம் வெளித்தெரிகிறது.

படலம் காத்தது நிறத்தை மட்டுமன்று. அலுமினிய ஆக்சைடு மின்சாரம் கடத்தாப் பொருள். மின்னேற்றியைச் செருகியிருக்கும்போது உலோகக் கணினியின்மேல் விரலை மெல்ல ஓட்டினால் சுருசுருவென்று ஓர் அதிர்வு தோன்றும். இரண்டு கால் செருகியுடைய, நிலத்தொடுப்பு இல்லாத மின்னேற்றிகளில் இதைக் காணலாம். மின்னேற்றிக்குள் எழும் மின்னிரைச்சலை அடக்க, உயரழுத்தப் பக்கத்தையும் தாழழுத்தப் பக்கத்தையும் சிறு மின்தேக்கி ஒன்று இணைக்கிறது. அதன் வழியே ஒரு துளி மின்னோட்டம் கணினியின் மேனிக்குக் கசியும். உலர்ந்த விரல் சறுக்கும்போது தோலை மின்விசை இழுத்து இழுத்து விடுவதே அவ்வதிர்வு. 1953-இல் மாலின்க்ராட் என்னும் அமெரிக்கரும் உடனிருந்தோரும் இதை ஆய்ந்து எழுதினர். விளக்கெரியும்போது பித்தளை விளக்குத்தாங்கி விரலுக்குச் சொரசொரப்பாய்த் தோன்றியதே அவர்களைத் தூண்டியது.

வியர்வையில் நனைந்த உலோகப் பட்டை இந்த மின்னோட்டத்தைப் பெருக்கிவிடுமோ என்ற அச்சம் இயல்பானது. கணக்கு அதற்கு விடை சொல்கிறது. 2.2 நானோ ஃபாரட் மின்தேக்கி, நொடிக்கு 50 முறை அலையும் மின்னோட்டத்துக்கு ஏறத்தாழ 14.5 லட்சம் ஓம் தடை காட்டும். 230 வோல்ட் முழுவதும் நின்றாலும் 0.16 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது. உலர்தோலின் தடையைப் பட்டையும் வியர்வையும் சில ஆயிரம் ஓமாகத் தணித்தாலும், 14.5 லட்சத்தின் முன் அது பொருட்டாகாது. ஓட்டத்தின் அளவை ஆள்வது மின்தேக்கி. நம் தோல் அன்று. பட்டை மாற்றுவது உணரும் இடத்தை மட்டுமே. படலம் பெயர்ந்த கோட்டில் பட்டையின் முனை படும்போது, முன்பு அங்கே இல்லாத ஒரு மெல்லிய குத்தல் மணிக்கட்டில் தோன்றலாம். உதறித் தள்ளும் அதிர்ச்சி ஏற்பட்டால் அது இவ்வகை அன்று, பழுது; அந்த மின்னேற்றியை அக்கணமே கழற்றிவிட வேண்டும்.

காந்தக் கொக்கியுள்ள பட்டைகளுக்கு வேறொரு விளைவு உண்டு. மூடியை மூடியதும் கணினி உறங்குவது, மூடியிலுள்ள காந்தத்தைக் கீழுள்ள உணரி அறிவதால்தான். பட்டையின் காந்தம் அவ்வுணரியின்மேல் வந்தால், எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்துவிடும். பழுதென்று எண்ணிக் கணினியைப் பிரிப்பதற்குமுன் கடிகாரத்தைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

கழற்றுவதற்கு உடல்சார்ந்த காரணமும் இருக்கிறது. எஃகுப் பட்டையின் கொக்கி உள்மணிக்கட்டில் அமைவது. ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் ஒரு குறுகிய வழியே உள்ளங்கைக்குள் நுழைவதும் அதையொட்டித்தான். கணினியின் விளிம்புக்கும் கைக்கும் நடுவே கொக்கியை வைத்து மணிக்கணக்கில் அழுத்துவதை நான் விட்டுவிட்டேன். கடிகாரம் இப்போது மேசைமேல் இருக்கிறது. நீர்புகாக் கடிகாரம் ஆதலால், வாரம் ஒருமுறை அதன் கண்ணிகளை மென்தூரிகையாலும் சோப்புநீராலும் தேய்த்துக் கழுவுகிறேன்.

விழுந்த கோடுகள் அப்படியே இருக்கின்றன. கீறல் விழுந்த கணமே காற்றின் ஆக்சிசன் அங்கே பாய்ந்து புதிய தோலைப் போர்த்திவிட்டது. ஆனால் அத்தோலின் தடிமன் சில நானோமீட்டர். இழந்ததோ பத்தாயிரம் நானோமீட்டர். வியர்வையின் உப்பு அந்த மெல்லிய தோலைத் துளைத்துக் குழி பறிக்க வல்லது. ஆகவே எழுதி முடித்ததும் அவ்விளிம்பை உலர்துணியால் துடைத்துவிட்டே மூடியை மூடுகிறேன்.