கடைக்காரருக்கும் ஒரு கதை

டோக்கியோவின் மேற்குப் பகுதியில் தச்சிகாவா என்ற நகரில் 1981-இல் மசாயுகி கட்டோ ஒரு கம்ப்யூட்டர் கடை திறந்தார். ஆப்பிள் கம்ப்யூட்டர் விற்ற கடை. சில வருடங்களிலேயே அது சொந்தமாக கேம் தயாரிக்கும் நிறுவனமாகிவிட்டது. பெயர் நிஹான் ஃபால்காம். இன்றும் தச்சிகாவாவில்தான் இருக்கிறது, ஊழியர்கள் ஏறக்குறைய அறுபது பேர். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து வருடக்கணக்கில் ஒரே கேமைச் செதுக்கும் தொழிலில் இது சின்னக் குழுதான். ('யுவர் நேம்' படத்தை எடுத்த மகோட்டோ ஷிங்காய்கூட முன்பு இங்கே சம்பளம் வாங்கியவர். கேம்களின் தொடக்கத்தில் ஓடும் அறிமுக வீடியோக்களைச் செய்துகொண்டிருந்தார்.)

இவர்களுடைய துறை ஆர்பிஜி எனப்படும் ரோல் பிளேயிங் கேம். விளையாடுபவர் ஒரு கதாபாத்திரமாக மாறி ஊர் ஊராகப் போக வேண்டும். சண்டை போட்டு, பலம் ஏற்றிக்கொண்டு, கதையை நகர்த்த வேண்டும். 1985-இல் வந்த 'ஸானடு' ஜப்பானில் 4 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஆனால் அது மண்டை காயவைக்கும் ரகம்.

1987-இல் வந்த 'ஈஸ்' நேர் எதிர்த்திசையில் போனது. ஆர்பிஜி இனி ஆளை வதைக்காது என்கிற தோரணையில்தான் அதற்கு விளம்பரமே செய்தார்கள். சிவப்புத் தலைமுடிக்காரன் அடோலின் கையில் வாள் உண்டு, வெட்டுவதற்குப் பொத்தான் கிடையாது. எதிரி மேல் ஓடிப்போய் மோத வேண்டும், அவ்வளவுதான். நடு மையத்தில் மோதினால் அடி நமக்கு. அரை உடம்பு விலகி, ஓரமாக இடித்தால் அடி அவனுக்கு. கொஞ்ச நேரத்தில் கைக்குப் பழகிவிடும். அப்புறம் யூஸோ கோஷிரோ, மியேகோ இஷிகாவா இசையில் ஓட்டமும் இடியும் தாளம் பிடித்ததுபோல் போகும். ஆறு பொத்தான்களை மனப்பாடம் செய்யவைக்கும் இன்றைய சண்டைகள் பலவற்றைவிட இது எனக்குப் பிடிக்கும்.

ஈஸின் முதல் இரண்டு பாகங்களும் ஒரே சிடியாக 1990-இல் அமெரிக்கா போயின. கதாபாத்திரங்கள் வாய்விட்டுப் பேசியதும் சிடி தரத்தில் ஒலித்த இசையும் அப்போது புதுமை. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். ஆனால் அந்த சிடியை ஓட்டும் துணைக்கருவியின் விலையே சுமார் 400 டாலர். எத்தனை பேர் வாங்குவார்கள்? அதற்குப் பின் நெடுங்காலம் மேற்கில் ஃபால்காம் என்றால் விஷயம் தெரிந்த சிலர் மட்டும் உச்சரிக்கும் பெயராகவே இருந்தது.

2004-இல் ஜப்பானில் வந்த 'ட்ரெயில்ஸ் இன் தி ஸ்கை'தான் திருப்பம். லிபெர்ல் என்ற சின்ன ராஜ்யம். எஸ்டெல் என்ற துடுக்குப் பெண்ணும், அவளுடைய அப்பா ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிவந்த ஜோஷுவாவும் ஊர்மக்களின் பிரச்சினைகளைத் தீர்த்தபடி பயணம் போகிறார்கள். உலகத்தைக் காக்கும் அவசரமெல்லாம் ஆரம்பத்தில் கிடையாது. ஆனால் தெருவில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது. வழக்கமான ஆர்பிஜியில் கடைக்காரர் முதல் நாள் சொன்ன வாக்கியத்தையே கடைசிவரை சொல்வார். இங்கே கதையில் ஒரு சம்பவம் நடந்தால் போதும், ஊர்க்காரர்களின் பேச்சு மாறிவிடும். நேற்று மனைவியோடு சண்டை போட்டவர் இன்று சமாதானமாகியிருப்பார். ஆன்டன் என்றொரு இளைஞன் இருக்கிறான். கதைக்கு அவன் தேவையே இல்லை. பாகத்துக்குப் பாகம் யாரையாவது காதலித்து ஏமாந்துகொண்டே வருகிறான். அவன் கதி என்னவாயிற்று என்று தேடிப் போகாத ரசிகர் குறைவு.

ஃபால்காமின் பலம் இந்தப் பேச்சுதான். வெளிநாட்டில் அதன் காலைக் கட்டிப்போட்டதும் இதேதான். ஒரு நாவல் வரிசை அளவுக்கு எழுத்து, அத்தனையும் மொழிபெயர்க்கப்பட வேண்டும். எக்ஸ்சீட் என்ற அமெரிக்க நிறுவனம் முதல் பாகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது வருடம் 2011. மொழிபெயர்த்தவர்களுக்கு அந்தச் சுமையிலும் குறும்பு போகவில்லை. கேமில் ஏற்கெனவே திறந்த புதையல் பெட்டியை மறுபடி திறந்தால், ஜப்பானியத்தில் காலி என்று மட்டும் வரும். ஆங்கிலத்தில் பெட்டிக்குப் பெட்டி ஒரு புது நக்கல். காலிப் பெட்டிகளைத் தேடித் தேடித் திறந்தவர்கள் உண்டு.

முதல் பாகம் வயிற்றைக் கலக்கும் இடத்தில் முடிகிறது. அதன் தொடர்ச்சி ஜப்பானில் 2006-லேயே வந்துவிட்டது, ஆங்கிலத்தில் 2015-இல்தான். அதற்குள் அது ஓட வேண்டிய பிஎஸ்பி என்ற கையடக்க கேம் கருவியே சந்தையிலிருந்து போய்விட்டது. நல்லவேளை, ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக கம்ப்யூட்டரில் புது வாசகர்கள் கிடைத்தார்கள். வாசகர்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ட்ரெயில்ஸ் தொடரின் வரிசையும் ஆங்கிலத்தில் குழம்பியது. 'ஸீரோ', 'அஸ்யூர்' என்ற இரு பாகங்களைத் தாண்டி, பின்னால் வந்த 'கோல்ட் ஸ்டீல்' முதலில் ஆங்கிலமானது. 'கோல்ட் ஸ்டீல் 2'-இன் இறுதிப் பகுதியில் லாய்ட் என்பவனை நம் கையில் கொடுத்து விளையாடச் சொல்வார்கள். ஸீரோவின் நாயகன் அவன். ஆங்கில ரசிகர்களில் பெரும்பாலோருக்கு அவன் யாரென்றே தெரியாது! இந்த ஓட்டையை அடைத்தது ஜியோஃப்ரன்ட் என்ற ரசிகர் குழு. ஸீரோவை 2020-இலும் அஸ்யூரை 2021-இலும் தாங்களே மொழிபெயர்த்து வெளியிட்டார்கள். என்ஐஎஸ் அமெரிக்கா நிறுவனம் அந்த மொழிபெயர்ப்பையே அடிப்படையாகக் கொண்டு 2022, 2023-இல் அதிகாரபூர்வமாக விற்றது. ரசிகர்களின் உழைப்பைச் சேர்த்துக்கொள்வது ஃபால்காமுக்கு அந்நியமான விஷயமல்ல. 2007 முதல் அதன் தலைவராக இருக்கும் தோஷிஹிரோ கொண்டோவே, ஃபால்காம் கேம்களுக்காக ரசிகர் இணையதளம் நடத்தி அதனால் வேலை கிடைத்தவர்.

ரசிகர்கள் விட்டுக்கொடுப்பவர்களும் அல்லர். 2017-இல் 'ஈஸ் 8' கொச்சையான ஆங்கிலத்தில் வந்தபோது எழுந்த கூச்சலில், என்ஐஎஸ் அமெரிக்காவின் தலைவரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சில மாதங்களில் வசனங்களைத் திருத்தி இலவசமாகக் கொடுத்தார்கள்.

2025 செப்டம்பரில் 'ட்ரெயில்ஸ் இன் தி ஸ்கை' முதல் பாகம் முற்றிலும் புது உருவில், ஜப்பானிலும் வெளிநாடுகளிலும் ஒரே நாளில் வந்தது. புதிதாக நுழைபவர்கள் அங்கேயே தொடங்கலாம். முதல் பத்து மணி நேரம் பெரிதாக ஒன்றும் நடக்காது, ஊர்க்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பொறுமை இல்லையென்றால் ஈஸ் 8 இருக்கிறது. முந்தைய பாகம் எதுவும் தெரியாமலே அதை ஆடலாம், வெட்டுவதற்குப் பொத்தானும் உண்டு.