எபிசோடு 41: மேட்டுல டிரெய்லர் ஏன் திணறுது?

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

 போன எபிசோடுல சர்வர் லோடு பத்திப் பேசினோம். இன்னைக்கும் லோடுதான். ஆனா நிஜமான லோடு, 40 டன்.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, சங்ககிரியில ஒரு டிரெய்லர் வெச்சிருக்கார். ஃபைனான்ஸ்ல எடுத்த சொந்த வண்டி, அவரேதான் ஓட்டுவார். ரெண்டு வருஷம் முன்னாடி மே மாசம் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி பெங்களூர் போகணும். "பஸ்ஸுக்கு எதுக்கு மாப்ள காசு, நான் ஓசூருக்கு லோடு ஏத்திட்டுதான் போறேன், ஏறு"ன்னார். ஏறிட்டேன்.

சேலம், ஓமலூர் தாண்டி தொப்பூர் மேடு. மதியம் ரெண்டு மணி வெயில். பாதி மேட்டுல மாமா ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கிறார், வண்டி ஏறமாட்டேங்குது. "இழுவை இல்லையே மாப்ள"ன்னார். நான் டேஷ்போர்டைப் பார்த்தேன். டெம்பரேச்சர் முள் நடுவுல. "முள்ளு நடுவுலதானே இருக்கு மாமா, ஒண்ணும் ஆகாது, போங்க"ன்னேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்ச பையன் சொல்றானேன்னு அவரும் மிதிச்சார்.

கொஞ்ச நேரத்துல முள் ஒரே தாவா சிவப்புக்குப் போச்சு. முன்பக்கம் வெள்ளையா ஆவி. ஓரம் கட்டும்போதே ஹெட் கேஸ்கெட் போயிருந்துச்சு. சிலிண்டர் ஹெட்டும் வளைஞ்சிருக்குன்னு அப்புறம் தெரிஞ்சுது. வண்டி 11 நாள் ஷெட்டுல நின்னுச்சு. செலவு ஒண்ணரை லட்சத்துக்குப் பக்கம். அந்த மாசத் தவணைக்கு அத்தையோட வளையல் அடகுக்குப் போச்சு.

மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லல. அதனாலயே எனக்கு ரொம்ப உறுத்தல். நாலு வருஷம் படிச்ச நான் எங்க தப்பு பண்ணினேன்னு உட்கார்ந்து படிச்சேன், மெக்கானிக்குகள்கிட்ட கேட்டேன். அதுதான் இந்த எபிசோடு.

சூடு எங்கிருந்து வருது?

சின்னக் கணக்கு. 40 டன் வண்டி, 100 மீட்டர் போனா 4 மீட்டர் உயர்ற மேடு, வேகம் மணிக்கு 30 கி.மீ. அந்த எடையை மேல தூக்க மட்டும் 130 கிலோவாட் வேணும். கிட்டத்தட்ட 175 ஹெச்.பி. டயர் உரசல், காத்துத் தடை எல்லாம் தனி.

டீசல்ல இருக்கிற சக்தி முழுக்க சக்கரத்துக்குப் போகாது. நல்ல எஞ்சின்ல ஏறக்குறைய 40 சதவீதம்தான் வேலையா மாறும். மிச்சத்துல ஒரு பங்கு சைலன்ஸர் வழியா புகையோட போயிடும். இன்னொரு பங்கை கூலன்ட்தான் வாங்கி ரேடியேட்டர் வழியா வெளிய தள்ளணும். இந்த மேட்டுல அந்தப் பங்கு மட்டும் சுமார் 80 கிலோவாட்னு வெச்சுக்கோங்க. உங்க வீட்டு பாத்ரூம் கீஸர் 2 கிலோவாட். அப்போ 40 கீஸர் ஒரே நேரத்துல ஓடுற சூடு.

சமதரையில இதுல பாதிகூட வராது. அதனால ரேடியேட்டர் பாதி அடைச்சிருந்தாலும் சமதரையில தெரியாது. நம்ம பாஷையில சொன்னா ஹெட்ரூம் குறைஞ்சுக்கிட்டே வரும், யாரும் கவனிக்கமாட்டோம். மேடுதான் லோடு டெஸ்ட். நேரடியா புரொடக்ஷன்ல.

அமெரிக்காவுல இந்த டெஸ்டை முறைப்படியே பண்றாங்க. ஒரு பிக்கப் வண்டி எவ்வளவு எடை இழுக்கும்னு சொல்ற எண்ணுக்கு எஸ்.ஏ.இ. ஜே2807ன்னு ஒரு விதிமுறை இருக்கு. அரிசோனாவுல டேவிஸ் டேம் மேடு, சுமார் 18 கி.மீ. தூரம், 900 மீட்டருக்குப் பக்கம் ஏத்தம். அங்க 38 டிகிரி வெயில்ல, ஏ.சி.யை முழுசா போட்டுக்கிட்டு, டிரெய்லரையும் இழுத்துக்கிட்டு, குறிச்ச வேகத்துக்குக் கீழ போகாம, சூடாகி நிக்காம ஏறணும். ஆனா ஒண்ணு: அந்த எண் ரேடியேட்டர் சுத்தமா இருக்கிற வண்டிக்கு. அஞ்சு வருஷம் தூசியில ஓடின உங்க வண்டிக்கு இல்ல.

பவர் முதல்ல குறையும், முள் அப்புறம்தான் ஏறும்

லேப்டாப் சூடானா ப்ராசசர் தானா வேகத்தைக் குறைச்சுக்கும் இல்லையா? டீசல் எஞ்சின்லயும் அதே கதை. கூலன்ட் சூடு எல்லை தாண்டினா கம்ப்யூட்டர் டீசல் அளவைக் குறைக்கும். வண்டி தன்னைக் காப்பாத்திக்குது.

அதுக்கு முன்னாடியே இன்னொண்ணு நடக்கும். டர்போ காத்தை அழுத்தி உள்ள தள்ளுது. அழுத்தின காத்து சூடாகும், முழு லோடுல 150 டிகிரியைத் தாண்டும். அதை ஆற வைக்கத்தான் இன்டர்கூலர். பெரும்பாலான வண்டிகள்ல ரேடியேட்டருக்கு முன்னாடி நிக்கும். அது வழியா காத்து சரியா போகலைன்னா சூடான காத்துதான் எஞ்சினுக்குள்ள போகும். சூடான காத்துல ஆக்சிஜன் குறைவு. ஆக்சிஜன் குறைஞ்சா இழுவை குறையும்.

மாமா "இழுவை இல்லை"ன்னு சொன்னது இதைத்தான். அவர் கால் சொன்னது சரி. நான் பார்த்த முள்தான் லேட்.

முள் ஏன் லேட்? பல வண்டிகள்ல அந்த முள்ளை வேணும்னே மந்தமா வெச்சிருப்பாங்க. சின்னச் சின்ன ஏத்த இறக்கத்துக்கு ஆடாம நடுவுலயே நிக்கும். ரெண்டாவது, கூலன்ட் குறைஞ்சு சென்சார் ஆவிக்குள்ள நின்னா, அது தப்பான அளவு காட்டலாம். முள் நடுவுல இருக்குன்னா எல்லாம் சரின்னு அர்த்தம் இல்ல. மேட்டுல இழுவை வழக்கத்தைவிடக் குறைஞ்சா அதுதான் முதல் எச்சரிக்கை.

ஷெட்டுல என்ன கிடைச்சுது?

ரேடியேட்டரைக் கழட்டினாங்க. வெளியில இருந்து பார்த்தா சுத்தமாதான் தெரிஞ்சுது. ஆனா இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல தூசியும் பஞ்சும் பூச்சியும் சேர்ந்து, கம்பளித் துணி மாதிரி ஒரு படலம். காத்து ரெண்டு வழியாவும் சரியா போகல.

ரெண்டாவது, கூலன்ட் வெறும் தண்ணியா இருந்துச்சு. வழியில குறையும்போதெல்லாம் கிளீனர் பையன் பெட்ரோல் பங்க்ல குழாய்த் தண்ணி ஊத்தியிருக்கான். கூலன்டும் தண்ணியும் சரிபாதி கலந்தா சாதாரண அழுத்தத்துல 106, 107 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வெக்கிறதால இந்த எல்லை இன்னும் மேல போகும், 1 பி.எஸ்.ஐ.க்கு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி. மூடியோட ரப்பர் போனா இந்த லாபம் போச்சு. குழாய்த் தண்ணியில உப்பு படியும், துரு பிடிக்கும். பெரிய டீசல் எஞ்சின்கள்ல சிலிண்டர் லைனர் அதிரும்போது சின்னக் குமிழி உண்டாகி உடையும், அது லைனரையே குழி குழியா அரிக்கும். அதைத் தடுக்கிற மருந்து கூலன்ட்லதான் இருக்கு. தண்ணியில இல்ல.

கிளம்புறதுக்கு முன்னாடி

ஒண்ணு, ரேடியேட்டரையும் இன்டர்கூலரையும் ஃபேன் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா தண்ணி அடிச்சுக் கழுவணும். முன்னாடி இருந்து அடிச்சா குப்பை இன்னும் உள்ள போகும். ரொம்ப அழுத்தமா அடிச்சா மெல்லிசான தகடு மடங்கி, காத்து போற வழியே அடைச்சிடும். ஏ.சி. வண்டின்னா கண்டென்சரும் பெரும்பாலும் அங்கதான் இருக்கும். 2025-ல நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதுசா தயாராகற 3.5 டன்னுக்கு மேலான சரக்கு வண்டிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். டிரைவர்களுக்கு நல்ல விஷயம். ஆனா கழுவ வேண்டிய அடுக்கு ஒண்ணு கூடிடுச்சு.

ரெண்டு, ஃபேன். நிறைய வண்டிகள்ல ஃபேன் எப்பவும் முழு வேகத்துல சுத்தாது. நடுவுல விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். சூடு ஏறினாதான் பிடிக்கும். வண்டி நல்லா சூடா இருக்கும்போது எஞ்சினை ஆஃப் பண்ணின பிறகும் ஃபேன் தாராளமா சுத்திக்கிட்டே இருந்தா, கிளட்ச் மேல சந்தேகப்படுங்க.

மூணு, பெல்ட், ஹோஸ், ரேடியேட்டர் மூடி. இன்டர்கூலர் ஹோஸ்ல எண்ணெய்க் கசிவு, மேட்டுல "உஸ்"னு சத்தம், கறுப்புப் புகை தெரிஞ்சா காத்து வெளிய போகுதுன்னு அர்த்தம்.

நாலு, எடை. 2018-ல மத்திய அரசு ஆக்ஸில் லோடை உயர்த்தினதுல பெரிய டிரெய்லர்களுக்கு அதிகபட்சம் 55 டன் ஆச்சு. சட்டம் அனுமதிச்சாலும் இயற்பியல் மாறாது. எடை கூடின அளவுக்கு மேட்டுல சூடும் கூடும்.

மேட்டுல என்ன பண்றது?

நான் முன்னாடி சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்க. எடை நம்ம கையில இல்ல, ஏத்திட்டோம். மேடு நம்ம கையில இல்ல. மிச்சம் இருக்கிறது வேகம் மட்டும்தான். 30-ல இருந்து 20 ஆக்கினா, தேவைப்படுற பவர் மூணுல ஒரு பங்கு குறையும். சூடும் ஏறக்குறைய அதே அளவு குறையும்.

ஆனா டாப் கியர்ல முக்கி முக்கி 20-ல போகக்கூடாது. மேடு தொடங்குறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிடணும். ஆர்.பி.எம். பச்சைக் கோட்டோட மேல் பாதியில நிக்கணும். அப்போதான் வாட்டர் பம்ப்பும் ஃபேனும் வேகமா சுத்தும், டர்போவும் போதுமான காத்து தரும். ஆர்.பி.எம். விழுந்து எஞ்சின் முக்கும்போது டீசல் நிறைய, காத்து கொஞ்சம், தண்ணி ஓட்டமும் கொஞ்சம். சூடாக இதைவிட நல்ல வழி கிடையாது.

சூடு ஏற ஆரம்பிச்சா ஏ.சி.யை நிறுத்துங்க. கேபின் ஹீட்டர் இருந்தா முழுசா போடுங்க. வேர்த்துக் கொட்டும், ஆனா அது ஒரு குட்டி ரேடியேட்டர். அப்பவும் குறையலைன்னா பாதுகாப்பா ஓரம் கட்டுங்க.

நின்னதும் சாவியைத் திருப்பிடாதீங்க. கூலன்ட் கொட்டலை, ஆயில் லைட் எரியலைன்னா, சில நிமிஷம் லோடு இல்லாம ஓட விடுங்க. டர்போ நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்குப் பக்கம் சுத்துற சாமான். ஆயில் ஓட்டம் சட்டுனு நின்னா அங்கயே ஆயில் கருகிப் படியும். கூலன்ட் கொட்டிடுச்சுன்னா கதை வேற, உடனே நிறுத்துங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, முகத்துல அடிக்கும். பச்சைத் தண்ணியை எஞ்சின் மேல ஊத்தினா ஹெட் விரிசல் விடலாம்.

சூடே இல்லாம இழுவை குறைஞ்சா?

அது வேற பிரச்சினை. டீசல் ஃபில்டர் அடைப்பு, ஏர் ஃபில்டர் அடைப்பு, காத்து ஹோஸ் கசிவு, இந்த வரிசையில பாருங்க. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டியா இருந்தா, யூரியா கரைசல் தீர்ந்தாலோ புகைச் சுத்திகரிப்புல கோளாறு வந்தாலோ கம்ப்யூட்டரே பவரைக் குறைக்கும். டேஷ்போர்டுல லைட் எரியுதான்னு பாருங்க.

உங்கள்ல பலர்கிட்ட டிரெய்லர் இருக்காது. ஆனா ஏழு பேரையும் லக்கேஜையும் ஏத்திக்கிட்டு டீசல் எஸ்.யூ.வி.யில கொடைக்கானல் ஏறுறீங்கன்னா இதே கணக்குதான், எண்கள்தான் சின்னது.

கடைசியா ஒரு கணக்கு. 6 கி.மீ. மேட்டை 30-ல ஏறினா 12 நிமிஷம். 20-ல ஏறினா 18 நிமிஷம். வித்தியாசம் 6 நிமிஷம். அந்த 6 நிமிஷத்தை மிச்சம் பண்ணப் போய்த்தான் 11 நாள் நின்னோம்.

போன மாசம் மறுபடி மாமாகூட அதே ரோட்டுல போனேன். தொப்பூர் வந்ததும் முன்கூட்டியே கியரைக் குறைச்சார். பின்னாடி ஒரு கார்க்காரர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தார். "போறவன் போகட்டும் மாப்ள"ன்னு மாமா இடது ஓரத்துலயே போனார். பாதி மேட்டுல, "இப்ப எப்படி இருக்கு, முள்ளைப் பாரு"ன்னார். "முள்ளை விடுங்க மாமா, இழுவை எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன். "நல்லா இழுக்குது"ன்னார்.

அத்தை வளையலும் திரும்பி வந்தாச்சு. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.