பாலர்களும் எழுத்துப் பிழையும்

தமிழ் உச்சரிக்கிறபடியே எழுதப்படும் பாஷை. ஆகையால் அதில் எழுத்துக் கூட்டுவதற்கென்று தனிப் பயிற்சி வேண்டுவதில்லை என்ற அபிப்பிராயம் நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. இங்கிலீஷ் சொற்களுக்கு ‘ஸ்பெல்லிங்’ கற்பிக்க எடுத்துக்கொள்ளும் பிரயாசையில் பத்தில் ஒரு பங்கையேனும் தாய்மொழிக்குச் செலவிடும் பெற்றோரைக் காண்பது அரிது. தானே வந்துவிடும் என்று கைவிடப்பட்ட தமிழ், குழந்தையின் கைக்கு வந்திருக்கிறதா? நான்காம் வகுப்பு நோட்டுப் புஸ்தகங்கள் சிலவற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு விடை கிடைத்துவிடும். ‘மரம்’ மறமாகிறது, ‘பள்ளி’ பல்லியாகிறது, ‘முயற்சி’யின் நடுவே வேண்டாத சகர ஒற்று ஒன்று வந்து குடியேறுகிறது.

இதற்காகக் குழந்தையைக் கோபிப்பதில் நியாயமில்லை. ரகரத்தையும் றகரத்தையும், னகரத்தையும் நகரத்தையும் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இன்று ஒரே ஒலியாகவே பேசுகிறோம். ழகரமோ பலர் வாயில் ளகரமாகிவிட்டது. சிலர் வாயில் யகரமாகவும் ஒலிக்கிறது. காது வேற்றுமை காணாத இடத்தில் கை எங்ஙனம் வேற்றுமை காணும்? பேசுகிறபடியே எழுதியதனாலன்றோ குழந்தை ‘வழி’யை ‘வளி’ என்று எழுதுகிறது? பிழையின் வேர் நமது நாவில் இருக்க, தண்டனை மட்டும் அதன் விரல்களுக்கு விழுகிறது.

ஆயினும் இவ்வெழுத்துக்கள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடப்பவையல்ல. எவ்வெழுத்து மொழிக்கு முதலில் வரும், எந்த மெய்யை அடுத்து எந்த மெய் நிற்கும் என்பவற்றைத் தொல்காப்பியரும், நன்னூல் செய்த பவணந்தியாரும் வகுத்து வைத்திருக்கின்றனர். அவ்விதிகளை வித்துவான் பரீக்ஷைக்குரியவை என்று நாம் ஒதுக்கிவிட்டோம். உண்மையில் அவை பாலர்க்கே பெருந்துணையாவன. ணகரமும் னகரமும் தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வாரா. ஆகவே அவ்விடம் நகரத்திற்கே உரியது. டகரத்தின் முன் ‘ண்’, தகரத்தின் முன் ‘ந்’, றகரத்தின் முன் ‘ன்’ நிற்கும்: வண்டி, பந்து, கன்று. ‘ர்’ தமிழ்ச் சொல்லில் இரட்டிப்பதில்லை. எனவே காற்று, நேற்று, வெற்றி என்பவற்றில் ஐயத்திற்கே இடமில்லை. ‘ட்’, ‘ற்’ என்பவற்றை அடுத்து வேறோர் ஒற்று வாராது: காட்சி, முயற்சி, அதற்கு. ‘ய்’, ‘ர்’, ‘ழ்’ என்பவற்றின் பின் ஒற்று வருவதுண்டு: வாய்ப்பு, வளர்ச்சி, மகிழ்ச்சி. இவ்வொன்றை மட்டும் அறிந்த குழந்தை எத்தனை சிவப்புக் கோடுகளிலிருந்து தப்பும்!

எல்லாவற்றையும் ஒரே நாளில் புகட்ட முயல்வது வீண். வாரத்திற்கு ஓர் அமைப்பு போதும் என்பது நமது கருத்து. திங்கட்கிழமை உபாத்தியாயர் ஐந்தாறு சொற்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றில் காணும் ஒழுங்கைக் குழந்தைகளையே கண்டுபிடித்துக் கூறச் செய்யலாம். செவ்வாயன்று அதே இனச் சொற்களைப் பாடப் புஸ்தகத்திலிருந்து அவர்கள் தேடி எடுக்கட்டும். புதனன்று ஒரு சொல்லைப் பார்த்து, மூடி, நினைவிலிருந்து எழுதி, பின் திறந்து தாமே சரிபார்க்கட்டும். வியாழனன்று சொந்த வாக்கியங்கள், வெள்ளியன்று சொல்வதெழுதுதல். அதில் அவ்வாரச் சொற்களோடு கற்பிக்காத புதுச் சொல் இரண்டும், சென்ற வாரங்களின் சொற்கள் சிலவும் இருத்தல் அவசியம். புதுச் சொல்லைப் பிழையின்றி எழுதினால் குழந்தை அமைப்பை அறிந்துகொண்டது என்று பொருள். பழஞ்சொல்லை எழுதினால் மறக்கவில்லை என்று பொருள்.

விதியால் அறிய முடியாதவையும் உள. அரை, அறை, புலி, புளி, பனி, பணி, அலகு, அழகு என்பவற்றைப் பொருளோடு இணைத்தே கற்பிக்க வேண்டும். புலி காட்டிலும் புளி குழம்பிலும் இருப்பதைப் படமாக வரைந்து அருகே சொல்லை எழுதிய குழந்தை அதை எளிதில் மறவாது.

பிழைத்த சொல்லை நூறு முறை எழுதச் செய்யும் வழக்கம் இன்னும் சில பள்ளிகளில் இருந்து வருகிறது. பத்தாவது வரிக்குமேல் கைதான் எழுதுகிறது, மனம் எழுதுவதில்லை. அதனினும் பெருந்தீங்கு ஒன்றுண்டு. பக்கம் முழுதும் சிவப்பு மையைக் கண்ட குழந்தை, தனக்கு நிச்சயமாகத் தெரிந்த நான்கு சொற்களைக் கொண்டே எழுதத் தொடங்குகிறது. சொல்ல விரும்பியதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது. எழுத்துப் பிழைக்கு அஞ்சி எண்ணத்தையே அடக்கிக்கொள்ளும் நிலை ஒரு சமூகத்திற்கு நேரக்கூடிய நஷ்டங்களில் சிறியதன்று. அவ்வார அமைப்பில் நேர்ந்த பிழையை மட்டும் திருத்தி, மற்றவற்றை அவற்றின் முறை வரும்வரை பொறுப்பதே விவேகம்.

வீட்டில் பத்து நிமிஷம் உதவினால் போதும். எழுத்தறியாத தாயும் உதவலாம். குழந்தை அன்று கற்ற சொற்களைச் சொல்லி, எந்த எழுத்து, ஏன் என்று விளக்கச் சொல்லிக் கேட்டாலே அது பாடமாகிவிடும். கற்றதைப் பிறர்க்குச் சொல்வதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை.

இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் நிறைவேறியது. முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளுக்காக ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தமிழக சர்க்கார் 2022-ல் தொடங்கியது. சட்டமும் திட்டமும் குழந்தையைப் பள்ளி வாயில்வரை கொண்டுவந்து சேர்க்கும். ‘ற’வையும் ‘ழ’வையும் அதன் வசமாக்குவது உபாத்தியாயரின் பொறுமையும் பெற்றோரின் கவனமுமே. தாய்மொழியின் பெருமையை மேடைகளில் முழங்குகிறோம். அம்முழக்கத்தில் உண்மை இருக்குமாயின், அதை வரும் திங்கட்கிழமையே ஒரு கரும்பலகையில் காட்டத் தொடங்குவோமாக.