உருவும் வெளியும்: ஊடறுத்த அணிகலனின் ஆக்கமுறை

பொன்னையோ வெள்ளியையோ சேர்த்தும் பொருத்தியும் ஆக்கப்படுவதே அணிகலன் என்பது பொதுவான எண்ணம். ஆயின், தகட்டின் சில பகுதிகளை அறுத்து நீக்குவதாலும் அணிகலன் உருவாகும். எஞ்சும் உலோகத்தை 'உரு' என்றும், நீங்கிய இடத்தை 'வெளி' என்றும் ஈண்டு வழங்குவோம். தாளில் நாற்புறமும் வெண்மை சூழ ஒரு புள்ளி நிற்கலாம். தகட்டிலோ நாற்புறமும் வெளி சூழ்ந்த உரு வீழ்ந்துவிடும். இதுவே இக்கலையின் அடிப்படை வரையறை.

'கண்மணி' என்னும் பெயரை வெள்ளித் தகட்டில் அமைப்பதாகக் கொள்வோம். எழுத்துக்களை உருவாக நிறுத்திப் பின்புலத்தை நீக்கின், ணகர மெய்யின் புள்ளி பற்றுக்கோடின்றி வீழும். எழுத்துக்களும் தனித்தனியே பிரியும். ஆதலால் எழுத்துக்கள் மேல், கீழ்க் கரைகளைத் தொடவேண்டும். புள்ளியைச் சிறு காம்பொன்றால் மேற்கரையுடன் இணைக்கவேண்டும். மாறாக, எழுத்துக்களை வெளியாக அறுப்பின், புள்ளிக்கு ஒரு துளையே போதும். ஆனால் ககரத்தின் கண்ணும் ணகரத்தின் சுழியும் சூழ்ந்துள்ள உலோகம் உதிரும். அதனைத் தாங்கச் சிறு பாலங்களை விடல்வேண்டும்.

இச்சிக்கல் பழையது. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஹொக்ஸ்ன் என்னும் ஊரில், 1992 இல் கண்டெடுக்கப்பட்ட உரோமர்காலப் புதையலில் யூலியானா என்னும் பெண்ணின் பெயர் ஊடறுத்து அமைக்கப்பட்ட பொற்காப்பு ஒன்றுண்டு. பிரித்தானிய நூதனசாலையிலுள்ள அக்காப்பில் எழுத்துக்களே உருவாக நிற்கின்றன.

இக்காலத்தில் இவ்வேலைக்கு நுண்ணிய வாளலகு பயன்படுகின்றது. ஒவ்வொரு வெளியினுள்ளும் துளையிட்டு, அலகை அதனூடே நுழைத்துச் சட்டத்தில் இறுக்குவர். பற்கள் கைப்பிடியை நோக்கியிருத்தல் வேண்டும். கீழே இழுக்கும்போதே வாள் அறுக்கும். தகட்டின் தடிப்புக்குள் இரண்டு மூன்று பற்களேனும் அடங்கவேண்டும். இன்றேல் அலகு மாட்டி முறியும். மூலைகளில் முன்னே தள்ளாது, வாளை நின்றவிடத்திலேயே மேலுங்கீழும் இயக்கித் தகட்டைத் திருப்புவர். கோட்டினை விட்டு வெளியின் பக்கமாகவே அறுத்தல் நன்று. மிகுதியை அரத்தால் தேய்க்கலாம். இழந்த உலோகத்தை மீட்க இயலாது. உள்வெளிகளை முதலிலும் புறவிளிம்பை இறுதியிலும் அறுப்பின், பிடிப்பதற்கு அகன்ற தகடு கடைசிவரை இருக்கும்.

எனவே, பாலமும் காம்பும் வாள் தொடுமுன் தாளிலேயே உருவின் உறுப்புக்களாக அமைதல் வேண்டும். வரைபடத்தில் உருவைக் கருமையாக்கி, ஓரிடத்தில் விரல் வைத்து, அதனை எடுக்காமலே கருமை முழுவதையும் தொடர முடிகின்றதா எனப் பார்ப்போம். முடியுமாயின் அறுக்கலாம்.