நாடு கடந்த படங்கள் – 7: கரை சொல்லும் ஊர்

பழைய குடும்பப் படம் ஒன்றைக் காஞ்சிபுரம் செவிலிமேட்டுத் தறிக்காரரிடம் நீட்டினால் அவர் கண் முகத்துக்குப் போகாது, புடவையின் கரைக்குத்தான் போகும். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும், உடலும் கரையும் சேருமிடத்தில் தாழம்பூ ரேக்கு என்ற பல்வரிசை தெரிந்தால் போதும், 'கோர்வை' என்பார். உடலையும் கரையையும் கோத்து நெய்யும் முறை. நெய்கிறவர் ஒருவர், பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் என்று இரண்டு பேர் உழைப்பு அது. டொராண்டோவில் எடுத்த கல்யாணப் படத்திலும் 'நாம் இன்னார்' என்று சொல்வதற்கு நம்மவர்கள் நம்பியிருப்பது இந்தக் கரையைத்தான்.

இப்படிப்பட்ட படங்களையே கலையாக்கியவர் அன்னு பாலக்குன்னத்து மாத்யூ. 1964இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். பிறகு அமெரிக்கா, ரோட் ஐலண்ட். 'ரீ-ஜெனரேஷன்' வரிசையில் ஒரு வீட்டின் பழைய படத்தோடு இன்றைய தலைமுறையைத் தானே படமெடுத்துச் சேர்த்து அசைய விடுகிறார். பாட்டி மெல்லக் கரைந்து அம்மா ஆகிறார், அம்மா மகளாகிறார். அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களை வைத்தும் இதே முறையில் ஒரு வரிசை செய்தார். 2040களில் அங்கே வெள்ளையர் பாதிக்கும் கீழே போய்விடுவார்கள் என்ற கணிப்பு அதற்குப் பின்னணி.

எனக்கு இவற்றைவிடக் கூர்மையாகப் படுவது 2001இல் தொடங்கிய 'இந்தியாவிலிருந்து வந்த இந்தியர்'. அமெரிக்கப் பூர்வகுடிகளை வெள்ளையர்கள் எடுத்த பழைய படங்கள் ஒரு பக்கம். அதே நிலையில், நம் ஊர் உடையில் அன்னு மறுபக்கம். ஒருவர் தலையில் இறகு, இன்னொருவர் நெற்றியில் பொட்டு. இருவருக்கும் 'இந்தியர்' என்று பெயர் வைத்தது மூன்றாவது ஆள்!

அந்தப் பூர்வகுடிப் படங்களுக்குப் பேர்போனவர் எட்வர்ட் கர்ட்டிஸ். ஒரு கூடாரப் படத்தில் இரண்டு பேருக்கு நடுவே இருந்த கடிகாரத்தைப் பிற்பாடு அழித்துவிட்டார். 'அசல்' பழங்குடிக்குக் கடிகாரம் எதற்கு என்ற நினைப்பு.

அதே கர்ட்டிஸ் செவிலிமேட்டுத் தறிவீட்டுக்கு வந்திருந்தால்? தறிக்கு மேலே நின்று பூவேலை போடும் ஜக்கார்டு பெட்டியை முதலில் அழித்திருப்பார். அது பிரான்சில் பிறந்த கருவி. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. நெய்கிறவர்களிலும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ பேசுகிறவர்கள் உண்டு. இத்தனையும் கூடித்தான் காஞ்சிபுரம் பட்டு. புவிசார் குறியீடும் அந்தப் பெயருக்குத்தான். கலப்படம் என்று இதை ஒதுக்க ஆரம்பித்தால் தறியில் பாவுகூட மிஞ்சாது.

அடுத்த வாரம் யாழ்ப்பாணம். போரில் விட்டுவந்த வீடுகளை அவற்றின் சொந்தக்காரர்கள் நினைவிலிருந்து வரைந்து காட்ட, அந்தக் கோடுகளை ஓவியர் தா. சனாதனன் ஒரு நூலாக்கிய கதை.

(தொடரும்)