உங்களுக்குத் தெரியுமா? 100 சிசி பிறந்த ஓசூர்
கிருஷ்ணகிரி மாவட்டத்து மத்தூர்ப் பக்கம் யாராவது பழைய இண்ட்-சுசுகி பைக்கைத் தூசு தட்டி எடுத்தால், அது பிறந்த ஊரும் அதே மாவட்டத்தில்தான். 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட்டைத் தந்த ஓசூர், 1984-இல் நாட்டின் முதல் இந்திய-ஜப்பான் கூட்டு 100 சிசி பைக்கான இண்ட்-சுசுகியையும் தந்தது.

இதில் இருப்பது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்; கேம் கிடையாது, கேமால் இயங்கும் வால்வும் கிடையாது. அதனால்தான் பழைய வண்டிக்குக் கையைக் கடிக்காமல் உயிர்கொடுக்க முடிகிறது. தேய்ந்த சிலிண்டரை எறியவே எறியாதீர்கள்! லேத் பட்டறையில் போர் போட்டு, 0.25 அல்லது 0.50 மி.மீ. கூடுதல் அளவுள்ள பிஸ்டன், ரிங் மாட்டினால் இழுவை திரும்பிவிடும். ஆனால் 2டி ஆயில் குறைந்தால் பிஸ்டன் ஜாமாகிவிடும்.

பழைய வண்டியை வாங்கும் முன் எஞ்சின், சேசிஸ் எண்களை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.