ஆட்டுக்கொல்லி நோயும் சந்தைப் பயணமும்

மும்பையில் செம்பூரை அடுத்த தேவனாரில் மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் 1971ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. பக்ரீத்தையொட்டி இங்குக் கூடும் சந்தைக்கு ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் வந்து சேர்கின்றன. இவ்வாறு பல ஊர் மந்தைகள் ஓரிடத்தில் கலப்பதே தொற்றுநோய்கள் பரவ முக்கியக் காரணமாகிறது. அந்நோய்களுள் தலையாயது ஆட்டுக்கொல்லி நோய்.

நோயின் தன்மை

ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் 1942இல் விவரிக்கப்பட்ட இந்நோய், இந்தியாவில் 1987ஆம் ஆண்டு தமிழ்நாட்டிலுள்ள அரசூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மாட்டு வெக்கை நோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவுடைய ஒரு வைரஸ் இதனை உண்டாக்குகிறது. கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், கழிச்சல், நிமோனியா ஆகியவை இதன் அறிகுறிகள். இளங்குட்டிகளே பெரிதும் மடிகின்றன. மனிதரை இந்நோய் தொற்றுவதில்லை.

அபாயம் எங்கே?

கிருமி புகுந்த பின் காய்ச்சல் காண்பதற்குப் பொதுவாக 4 முதல் 6 நாட்கள் ஆகும். அறிகுறிகள் முழுமையாகத் தெரியுமுன்பே ஆடு கிருமியை வெளியிடத் தொடங்கிவிடுகிறது. எனவே, பார்வைக்கு நலமாகத் தோன்றும் ஆடும் லாரி நெரிசலில் பிற ஆடுகளுக்கு நோயைத் தரக்கூடும். வெயிலில் இக்கிருமி நெடுநேரம் பிழைப்பதில்லை. நெருங்கிய தொடர்பே அதற்கு வழி. அறுக்கப்படும் ஆட்டோடு தொற்றுச் சங்கிலி பெரும்பாலும் முடிகிறது. ஆனால், விற்காமல் ஊர் திரும்பும் ஆடும், வளர்ப்பதற்கென வாங்கப்படும் ஆடும் அச்சங்கிலியைக் கிராமத்துக்கு நீட்டிவிடுகின்றன. நிலமற்ற குடும்பத்தின் சேமிப்பே நாலைந்து ஆடுகள்தாம் என்பதால், இழப்பின் சுமை ஏழைகள் மீதே விழுகிறது.

தடுப்பு முறைகள்

அரசூரில் கிடைத்த கிருமியிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசியை உருவாக்கியது. இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் தடுப்பூசியும் பயன்பாட்டில் உள்ளது. ஒருமுறை போட்டால் குறைந்தது மூன்று ஆண்டுகள் பாதுகாப்புக் கிடைக்கும். எனினும், புதிதாகப் பிறக்கும் குட்டிகளுக்கு, தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் மூன்று, நான்கு மாதங்களில் குறைந்துவிடுகிறது. ஆதலின் தடுப்பூசிப் பணி ஆண்டுதோறும் தொடர வேண்டும். சந்தை வாயிலில் ஊசி போடுவது காலங்கடந்த செயலாகும். புறப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே ஊரில் போடுவது நன்று. புதிதாக வாங்கிய ஆடுகளையும், சந்தையிலிருந்து திரும்பியவற்றையும் மூன்று வாரங்கள் தனித்து வைத்தல் இன்றியமையாதது.

மாட்டு வெக்கை நோயை ஒழித்த நாடாக இந்தியா 2006இல் அறிவிக்கப்பட்டது. 2011இல் உலகமே அந்நோயினின்று விடுபட்டது. ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் ஒழிப்பது உலக நாடுகளின் குறிக்கோள். கிராமத்துத் தடுப்பூசியும் சந்தைக் கண்காணிப்பும் கைகோத்துச் சென்றால்தான் அது கைகூடும்.